வீட்டு நீரூற்று மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

சொந்தமாகச் செய்த நீரூற்றில் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை என்றதும் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது மோட்டாரைத்தான். ஆனால் இந்தச் சிறிய நீர்மூழ்கி மோட்டார்களுக்குள் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. எபாக்சி என்ற கெட்டியாகும் பிசினை ஊற்றி மூடிய ஒரு சுருள், அதன் நடுவே ஒரு குழி, குழிக்குள் மெல்லிய அச்சில் சுழலும் காந்தம், காந்தத்தின் முனையில் இறக்கை, அவ்வளவுதான். கார்பன் பிரஷ் கிடையாது. தண்ணீர் சுருளைத் தொடுவதும் கிடையாது. அழுக்கு, அடைபட்ட காற்று, குறுகிய டியூப், சாய்ந்த தட்டு, குறைந்துபோன தண்ணீர் என்று கோளாறு பெரும்பாலும் மோட்டாருக்கு வெளியில்தான் இருக்கும்.

அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். மணிக்கு எத்தனை லிட்டர் மேலே ஏறுகிறது, ஒரு நாளில் நீர்மட்டம் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்ற இரண்டு அளவுகள் தெரிந்தால் பாதிக் கோளாறுகள் பிடிபட்டுவிடும்.

ஒரு விதி மட்டும் மீறக்கூடாதது: தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. வயரிங் மாறியிருந்தால் சுவிட்ச் நியூட்ரலை மட்டும் துண்டிக்கும். அப்போது மோட்டார் நின்றிருந்தாலும் அதன் வயரில் கரண்ட் இருக்கும்.

சத்தமே இல்லை, ஓடவும் இல்லை

அதே பிளக் பாயிண்டில் வேறொரு சாதனத்தைச் செருகிப் பாருங்கள். அது வேலை செய்தால், மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரைத் தொட்டியிலிருந்து எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் மூழ்க வையுங்கள். பிறகு பிளக்கைச் செருகி, வாளியின் வெளிப்புறத்தை மட்டும் தொட்டுப் பாருங்கள். லேசான அதிர்வு கூட இல்லையென்றால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது சுருள் போய்விட்டது. எபாக்சிக்குள் இருப்பதைச் சரிசெய்ய வழியில்லை.

சற்று நேரம் ஓடுவது, நிற்பது, அரைமணி கழித்துத் தானாக மறுபடி ஓடுவது என்றால் அது வேறு கதை. சில மோட்டார்களில் சூடேறினால் தானாக நிறுத்தும் வெப்பத் துண்டிப்பு இருக்கும். தண்ணீர் குறைந்தோ, இறக்கை சிக்கியோ சூடேறுகிறது என்று பொருள். காரணத்தைத் தேடுங்கள், மோட்டார் நல்ல நிலையில்தான் இருக்கிறது.

ரீங்காரம் கேட்கிறது, தண்ணீர் வரவில்லை

புதிதாகத் தண்ணீர் நிரப்பிய உடனே இப்படி ஆனால் காற்று அடைத்திருக்கிறது. இறக்கை சுழலும் அறைக்குள் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் இறக்கை காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து, வெளியேறும் வாய் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து நாலைந்து முறை குலுக்குங்கள். குமிழிகள் வருவது கண்ணுக்குத் தெரியும். டியூப் நடுவே மேலேறிக் கீழிறங்கி மறுபடி ஏறினால் அந்த வளைவிலும் காற்று தங்கும். டியூப் தொடர்ந்து மேல்நோக்கியே போகவேண்டும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஊற்று சில நாள் நிறுத்தி வைத்தபின் இப்படி ஆனால் இறக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்மூடியைக் கழற்றி, இறக்கை அறையின் மூடியைத் திருகி எடுத்து, காந்தத்தை நேராக இழுத்து வெளியே எடுங்கள். கோணலாக இழுக்கக்கூடாது. அச்சு செராமிக்கால் ஆனதாக இருந்தால் வளையாது, ஒடியும். காந்தத்தின் மேல் வழவழப்பாக ஒரு படலமும், குழியின் அடியில் சாம்பல் நிறச் சேறும் இருக்கும். முடியோ நூலோ அச்சில் சுற்றியிருக்கலாம். பழைய பல்துலக்கும் பிரஷால் காந்தத்தையும், பஞ்சு சுற்றிய குச்சியால் குழியையும் துடையுங்கள்.

இங்கே பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. காந்தத்தை ஒரு கையில் பிடித்து இறக்கையை மறுகையால் திருப்பினால், பல மாடல்களில் இறக்கை கொஞ்ச தூரம் லூசாகத் திரும்பிவிட்டு ஓரிடத்தில் நிற்கும். அது உடைசல் இல்லை. எடை ஏறுவதற்குள் காந்தம் சுழலத் தொடங்கட்டும் என்று வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. எங்கும் நிற்காமல் சுற்றிக்கொண்டே போனால்தான் உள்ளே உடைந்திருக்கிறது. அப்போதும் பல மாடல்களுக்கு இறக்கையைத் தனியாக வாங்கிப் போடலாம்.

தண்ணீர் வருகிறது, ஆனால் வேகம் இல்லை

முதலில் ஒரு கேள்வி: முதல் நாளிலிருந்தே இப்படியா, போகப்போகக் குறைந்ததா?

போகப்போகக் குறைந்தால் அடைப்பு. உறிஞ்சும் பக்கத்துச் சல்லடை, ஸ்பாஞ்சு, இறக்கை, டியூப், நாசில் (தண்ணீர் பீச்சும் முனை) என்ற வரிசையில் பாருங்கள். ஸ்பாஞ்சு வைத்த மோட்டாரில் முதல் குற்றவாளி ஸ்பாஞ்சுதான். அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். உப்புத் தண்ணீர் பயன்படுத்தினால் இறக்கையிலும் நாசில் துளையிலும் வெள்ளைப் படிவு கெட்டியாக இருக்கும்; சுரண்டாதீர்கள். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, அல்லது ஒரு லிட்டர் வெந்நீரில் 20 முதல் 30 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஆறவிட்டு, அதில் பாகங்களை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். குமிழி வருவது நின்றால் படிவு கரைந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். இந்தக் கரைசல் பளிங்கின் மேலோ சுண்ணாம்புக் கல்லின் மேலோ படக்கூடாது, கல்லையே அரித்துவிடும்.

முதல் நாளிலிருந்தே பலவீனம் என்றால் கணக்கு தவறியிருக்கிறது. மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் எல்.பி.எச். என்பது எந்த உயரமும் ஏற்றாமல், டியூபே இல்லாமல் மணிக்குத் தள்ளும் லிட்டர். எச்-மேக்ஸ் என்பது தண்ணீர் எட்டக்கூடிய உச்ச உயரம். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வெளியே விழாது. 1000 எல்.பி.எச்., எச்-மேக்ஸ் 1.5 மீட்டர் என்று எழுதியிருந்தால், 75 செ.மீ. உயரத்தில் ஏறக்குறைய 500 லிட்டர்தான் எதிர்பார்க்கலாம், அதுவும் டியூபின் இழப்பைக் கழிக்காமல். உயரத்தைத் தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் வெளியே விழும் வாய்வரை அளக்கவேண்டும். மோட்டார் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது கணக்கில் சேராது.

உண்மையில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க, டியூபின் முனையை அது வேலை செய்யும் அதே உயரத்தில் பிடித்து, 5 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 18,000-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். 40 விநாடி என்றால் 450 லிட்டர். வாளி நிரம்பும்வரை தொட்டியில் மோட்டார் மூழ்கியிருக்கத் தண்ணீர் இருக்கட்டும்; சிறிய தொட்டியென்றால் ஒரு லிட்டர் அளவுக் குவளை வைத்து 3,600-ஐ வகுத்துக்கொள்ளலாம்.

எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தால் டியூபைப் பாருங்கள். வீட்டு ஊற்றுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். உள்விட்டம் 12 மி.மீ. டியூபில் மணிக்கு 1000 லிட்டர் தள்ள முயன்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் உராய்வில் மட்டும் 60 செ.மீ. உயரத்துக்குச் சமமான அழுத்தம் போய்விடும். அதே தண்ணீர் 20 மி.மீ. டியூபில் போனால் இழப்பு மீட்டருக்கு 5 அல்லது 6 செ.மீ.தான். மோட்டாரின் வாயில் பொருந்துகிறதே என்று சின்ன டியூபைச் செருகியவர்கள், பெரிய மோட்டார் வாங்குவதற்குப் பதில் ஒரு அடாப்டர் போட்டு டியூபை மாற்றினாலே போதும். டியூப் மடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பானைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் மடியும். அங்கே ஒரு எல்போ போட்டுவிடுங்கள்.

அப்படியே, முன்மூடியில் தள்ளி நகர்த்தும் சின்னப் பொத்தான் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அது ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கதவு. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அது பாதி மூடியிருப்பதுண்டு.

ஒரே பக்கமாக வழிகிறது, அல்லது பானையின் வெளிச்சுவரோடு ஒட்டி இறங்குகிறது

ஒரு பக்கமாக வழிந்தால் மட்டம் தவறியிருக்கிறது. ரசமட்டத்தைக் கிண்ணத்தின் வாய்மேல் குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை வையுங்கள். 30 செ.மீ. கிண்ணத்தில் 2 மி.மீ. சாய்வு இருந்தாலே மறுபக்கம் காய்ந்து கிடக்கும், ஏனென்றால் விளிம்பைத் தாண்டும் தண்ணீரின் கனமே அந்த அளவுதான். கிண்ணத்தின் அடியில் மெல்லிய ரப்பர் துண்டு அல்லது பிளாஸ்டிக் வாஷர் செருகிச் சரிசெய்யுங்கள். தண்ணீர் நிரப்பியபின் இன்னொரு தடவை பாருங்கள். மண்ணின் மேல் வைத்த ஊற்று நிறைந்த எடையில் இறங்கும். கையால் செய்த மண்பானையின் வாய் சமமாகவே இருக்காது. அதை மட்டப்படுத்த முடியாது, உப்புத்தாளால் உயர்ந்த பக்கத்தைத் தேய்க்கத்தான் வேண்டும்.

மட்டம் சரியாக இருந்தும் விளிம்பு முழுக்க வழியவில்லையென்றால் தண்ணீர் போதவில்லை. மெல்லிய திரைபோல விழ, விளிம்பின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மணிக்கு சுமார் 75 லிட்டர் வேண்டும். கனமாக, காற்றில் கிழியாமல் விழ 150 லிட்டர். இப்போது 30 செ.மீ. விட்டமுள்ள வட்டக் கிண்ணத்தைக் கணக்கிடுங்கள்: சுற்றளவு 94 செ.மீ., சுற்றிலும் மெல்லிய திரை வேண்டுமென்றால் மணிக்கு 7,000 லிட்டர். மேசை ஊற்றின் மோட்டார் 300 லிட்டர் தள்ளும். இந்த ஆசையை விட்டுவிட்டு, விளிம்பில் 1 செ.மீ. அகலத்தில் மூன்று நான்கு வாய்களை அறுத்துவிடுவதே அழகு. இருக்கிற தண்ணீர் அங்கங்கே உருப்படியாக விழும்.

வெளிச்சுவரோடு ஒட்டி இறங்குவதற்குக் காரணம் விளிம்பின் வடிவம். பாத்திரத்திலிருந்து மெதுவாகச் சாய்த்தால் தண்ணீர் வாயைத் தாண்டி விழாமல் அதன் கழுத்தோடு வழிகிறதல்லவா, அதேதான். உருண்டையான விளிம்பும் குறைந்த ஓட்டமும் சேர்ந்தால் தண்ணீர் அடிப்பக்கமாகத் திரும்பும். இதைத் தடுக்கத் தண்ணீருக்கு ஒரு கூர்மையான முடிவு வேண்டும். 2 மி.மீ. அக்ரிலிக் அல்லது துருப்பிடிக்காத தகட்டில் ஒரு துண்டு வெட்டி, விளிம்பைத் தாண்டி 15 முதல் 20 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி, நுனி சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி சிலிக்கானால் ஒட்டுங்கள். கல் பலகையென்றால் அடிப்பக்கத்தில், முன் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, 3 மி.மீ. அகலத்தில் ஒரு கோடு அறுத்துவிடுங்கள். பின்னோக்கி ஊர்ந்து வரும் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும்.

புதுத் தகட்டில் தண்ணீர் திரையாக விரியாமல் நாலைந்து கம்பிகளாகப் பிரிந்தால் அதில் எண்ணெய்ப் பிசுக்கோ சிலிக்கான் தடவலோ இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்து, சோப்பு துளியும் மிஞ்சாமல் அலசுங்கள்.

நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது

ஒழுகுகிறது என்று உடனே சீலண்டை எடுக்கவேண்டாம். வெயிலும் காற்றும் உள்ள நாளில் அசையாத நீர்ப்பரப்பிலேயே 5 முதல் 8 மி.மீ. ஆவியாகும். 60 செ.மீ. விட்டத் தொட்டியில் அது ஒன்றரை முதல் இரண்டேகால் லிட்டர். ஊற்று ஓடும்போது இன்னும் கூடும்.

சோதனை இப்படி: மோட்டாரை நிறுத்தி, மேலிருக்கும் தண்ணீர் எல்லாம் இறங்கி அடங்கியபின் தொட்டியில் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் அதே வெயில் படும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து அதிலும் ஒரு கோடு. 24 மணி நேரம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் தொட்டி ஒழுகவில்லை. தொட்டி மட்டும் கூடுதலாக இறங்கினால் தொட்டியில் ஒழுக்கு; தண்ணீரை மேலும் இறங்கவிட்டு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அந்த மட்டத்தில்தான் ஓட்டை. நிறுத்தி வைத்தபோது சரியாக இருந்து, ஓடும்போது மட்டும் இறங்கினால் தொட்டியைத் தொடவே வேண்டாம். மேல் கிண்ணம், டியூப் இணைப்பு, தெறிப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

தொட்டியில் ஒழுகும் இடம் பெரும்பாலும் டேங்க் நிப்பிள்தான், அதாவது தொட்டிச் சுவரின் துளையில் பொருத்தும் குழாய் இணைப்பு. ரப்பர் வாஷர் அதன் தலைப்பகுதிக்கும் தொட்டியின் உட்சுவருக்கும் நடுவே, தண்ணீர் இருக்கும் பக்கத்தில் வரவேண்டும், நட் வெளியே. வாஷரை நட் பக்கம் போட்டால் தண்ணீர் மரை வழியாக வந்துகொண்டே இருக்கும். அதில் டெஃப்லான் டேப் எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை, நேரான மரை என்பதால் இங்கே தண்ணீரைத் தடுப்பது வாஷர் மட்டும்தான். கையால் இறுக்கி அதன்மேல் ஸ்பேனரால் கால் சுற்று போதும். ஓங்கி இறுக்கினால் வாஷர் பிதுங்கி வெளியே வந்து மறுபடி ஒழுகும்.

சிலிக்கான் போட்டும் ஒழுகினால் இவற்றில் ஒன்றாக இருக்கும்: பழைய சிலிக்கானை முழுதாகச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டது; புது சிலிக்கான் பழையதில் ஒட்டாது. 24 மணி நேரம் காயவிடாமல் தண்ணீர் ஊற்றியது. கனமாகப் போட்டிருந்தால் 48 மணி நேரம் வேண்டும். சிமென்டின் மேல் வினிகர் வாடை வரும் வகையைப் பயன்படுத்தியது. சிமென்டுக்கு நியூட்ரல் வகைதான் ஒட்டும். பாலிஎத்திலீன் டப்பாவில் எந்தச் சிலிக்கானும் நிலைக்காது.

மெருகு பூசாத மண்பானை வெளியே ஈரமாக இருந்தால் அது ஒழுக்கு இல்லை, கசிவு அதன் இயல்பு. நன்றாக உலர்த்தி உட்புறம் முழுக்க நீர்க்காப்புப் பூச்சு இரண்டு கை அடிக்கவேண்டும்.

மோட்டாரை நிறுத்தினால் கீழ்த்தொட்டி நிரம்பி வழிகிறது

இதற்குக் காரணம் மேல் கிண்ணத்தின் தண்ணீர் டியூப் வழியாகவே கீழே திரும்பி வருவது. இந்த மோட்டார்களில் தண்ணீர் திரும்புவதைத் தடுக்கும் வால்வு இல்லை. டியூபின் வாய் மேல் கிண்ணத்துத் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், மோட்டார் நின்றதும் அது சைஃபன் ஆகி, வாய் மட்டம்வரை கிண்ணத்தைக் காலி செய்துவிடும். டியூபின் வாயை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள். வாய் மூழ்கியே இருந்தால்தான் அழகு என்றால், கிண்ணத்தின் நீர்மட்டத்துக்கு மேலே டியூபை ஒரு வளைவாகக் கொண்டுபோய், அந்த வளைவில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மோட்டார் நின்றதும் துளை காற்றை உறிஞ்சி சைஃபனை அறுத்துவிடும். ஓடும்போது அதிலிருந்து கொஞ்சம் பீச்சும். துளையைக் கிண்ணத்தின் உட்பக்கம் பார்த்து வையுங்கள்.

சத்தம்

களக் களக் என்று விட்டுவிட்டு வந்தால் காற்றை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் வாய்க்கு மேலே குறைந்தது 5 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும். உறுமல் என்றால் மோட்டார் தொட்டிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு வைத்து, விறைப்பான டியூபுக்குப் பதில் மெத்தென்ற சிலிக்கான் டியூப் போட்டால் அடங்கும். கடகடவென்று தொடர்ந்து வந்தால் அச்சின் ரப்பர் முனைகள் கழன்றிருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். தண்ணீர் விழும் ஓசையே தொந்தரவு என்றால், விழும் இடத்தில் நீர்மட்டத்தைத் தொடும்படி ஒரு தட்டைக் கல்லோ கூழாங்கற் குவியலோ வையுங்கள்.

சுற்றிலும் தெறிக்கிறது

எவ்வளவு உயரத்துக்குப் பீச்சுகிறதோ, அதைப்போல இரு மடங்கு விட்டம் தொட்டிக்கு வேண்டும். காற்றடிக்கும் திறந்த இடத்தில் அதுவும் போதாது. தொட்டியை மாற்ற முடியாவிட்டால் உயரத்தைக் குறைப்பதே வழி.

பச்சை, வெள்ளை, நுரை, கொசு

தண்ணீரே பச்சையாக இருந்தால் மிதக்கும் பாசி. கல்லில் மட்டும் ஒட்டியிருந்தால் படரும் பாசி. இரண்டுக்கும் தீனி வெயிலும் அழுகும் இலையும்தான். ஊற்றை நிழலுக்கு மாற்றுவது எந்த மருந்தையும்விட நன்றாக வேலை செய்யும். ஏற்கெனவே பிடித்துவிட்டால் தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, புதுத் தண்ணீரில் லிட்டருக்கு 10 மி.லி. வீதம் 5 சதவீத குளோரின் ப்ளீச் கலந்து ஊற்றி 15 நிமிடம் விட்டுத் தேய்த்து, வாடை போகும்வரை அலசுங்கள். உப்புப் படிவுக்கு வினிகர் பயன்படுத்தும் அதே நாளில் இதைச் செய்யவேண்டாம். ப்ளீச்சும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைத் தாக்கும். மீனோ செடியோ உள்ள தொட்டியில் ப்ளீச்சே கூடாது. பறவைகள் குடிக்கும் ஊற்றில் மயில்துத்தமும் போடாதீர்கள்.

புதுச் சிமென்டுத் தொட்டியில் வெள்ளையாகப் பூத்தால் சிமென்டின் சுண்ணாம்பு வெளியேறுகிறது. நிரப்பி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு இறைப்பதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். அதற்குமுன் மீன் விடக்கூடாது. தண்ணீரின் காரத்தன்மை அதைக் கொன்றுவிடும். நுரை வந்தால் சோப்பு மிச்சம் அல்லது அழுகும் பொருள்.

ஓடும் தண்ணீரில் கொசுப்புழு வளராது. ஆனால் நிறுத்தி வைத்த ஊற்றில், கூழாங்கற்களுக்கு நடுவே, தண்ணீர் தேங்கிய மேல் கிண்ணத்தில் வளரும். முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். ஊர் போவதானால் காலி செய்துவிட்டுப் போங்கள்.

சூரிய மோட்டார் விட்டுவிட்டு ஓடுகிறது

பேட்டரி இல்லாத வகை மேகம் மறைத்தால் நிற்கத்தான் செய்யும். நல்ல வெயிலிலும் நின்றால் பலகையின் ஒரு மூலையில் நிழல் விழுகிறதா பாருங்கள். செல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒரு செல் மறைந்தாலே மொத்தமும் தளரும். தூசியும் அதே வேலையைச் செய்யும்.

செருகியதும் மின்கசிவுத் துண்டிப்பான் விழுகிறது

அந்த மோட்டாரை மறுபடி செருகிச் சோதித்துப் பார்க்காதீர்கள். 30 மில்லிஆம்பியர் கசிவில் விழவேண்டிய கருவி சரியாகத் தன் வேலையைச் செய்திருக்கிறது. வயர் நடுவே இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு இருந்தால் அதுதான் முதல் சந்தேகம். டேப் தண்ணீரைத் தடுக்காது. இணைப்பைத் தொட்டிக்கு வெளியே, மழை படாத பெட்டிக்குள் கொண்டுவாருங்கள். வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும்; வயரோடு ஊர்ந்துவரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். இணைப்பே இல்லாத முழு வயராக இருந்தும் விழுந்தால் எபாக்சியில் விரிசல். மோட்டாரைத் தூக்கி எறியுங்கள். துண்டிப்பான் இல்லாத பாயிண்டில் செருகினால் ஓடுகிறதே என்று ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

புதிது வாங்கும்போது வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் விளிம்புக்கு வேண்டிய லிட்டரை மேலே சொன்ன கணக்கில் எடுத்துக்கொண்டு, உங்கள் உயரத்தைப்போல இரு மடங்கு எச்-மேக்ஸும், தேவையைப்போல இரு மடங்கு எல்.பி.எச்.-உம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கூடுதலாக வந்தால் முன்மூடிக் கதவால் குறைத்துக்கொள்ளலாம். வயரின் நீளத்தையும் பாருங்கள்: தொட்டியின் அடியிலிருந்து பிளக்வரை இணைப்பே இல்லாமல் எட்டவேண்டும்.